ஓடு அசல்

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

ஒன்பது வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க அல்ல. அதனால் நீ கலங்க வேண்டாம்.

குழந்தைகளுக்கான அறிவியல் காட்சிக்கூடம் ஒன்றை மே மாதம் திறக்கப்போகிறோம். பொறுப்பு என்னுடையது. நிர்வாகக் குழுவில் ஏழு பேர். என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்ததில் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு வருத்தம். இந்த நேரத்தில் ஒரு டைனோசர் முட்டை விலைக்கு வந்திருக்கிறது. கொண்டுவந்தவர் கல் வியாபாரி. இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்கும் அளவு, சாம்பல் நிறம், ஓடு முழுக்க விரிசல். ஆனாலும் உருண்டை குலையவில்லை. நுழைவு மண்டபத்தின் நடுவில் அது இருந்தால் மற்றதெல்லாம் தானாக நிற்கும்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். "சர்டிபிகேட் இருந்தா வாங்குங்க. இல்லேன்னா பிளாஸ்டிக்ல ஒண்ணு பண்ணி வைங்க. பசங்களுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார். மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள்.

முட்டையோட்டைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மூன்று பேர் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் படுத்த படுக்கை. மூன்றாவது பெயரைப் பார்த்ததும் தாளை மடித்து மேசை அறைக்குள் போட்டுவிட்டேன். மறுநாள் எடுத்துப் பிரித்தேன். அப்போதும் நீதான் இருந்தாய்.

போன் செய்ய மாட்டேன். நாம் இருவரும் போனில் பேசி எதுவும் உருப்பட்டதில்லை.

வாலு நன்றாக இருக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று அவள் கேட்பதே இல்லை. உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

தங்கை


பிப்ரவரி 13

உன் கடிதமும் படங்களும் வந்தன. இரண்டு விஷயம்.

முதலில் முட்டை. படத்தை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்கிறவரை நம்பாதே. வியாபாரி அவசரப்படுத்துவார். "இன்னொரு பார்ட்டி நாளைக்கு வர்றாரு" என்பார். அந்த இன்னொரு பார்ட்டியைப் பற்றி இருபது வருடமாகக் கேள்விப்படுகிறேன், ஒருமுறையாவது நேரில் பார்க்க ஆசை. பெரும்பாலும் நடக்கிற ஏமாற்று, உருண்டைக் கல்லை முட்டை என்று தலையில் கட்டுவது. அதில் ஓடே இருக்காது. ஓடு இருந்தால் பூதக்கண்ணாடியில் மூச்சுத் துளைகள் தெரியும், முறிந்த விளிம்பில் ஓட்டின் தடிமன் தெரியும். வேறு வகை ஏமாற்றுகளும் உண்டு. அவற்றைப் பெட்டியைத் திறந்த பிறகு எழுதுகிறேன். முட்டை மூன்று நாளாவது என் மேசையில் இருக்க வேண்டும்.

இரண்டாவது. இதற்கு நான் கூலி கேட்கிறேன்.

வாலுவிடம் உண்மையைச் சொல். மே மாதம் முழுவதும் அவளை இங்கே அனுப்பு.

அவளைப் பெற்றவள் நான். அப்போது உனக்குத் திருமணமாகி ஐந்து வருடம், மடியில் ஒன்றும் இல்லை. எனக்குத் திருமணமே இல்லை, மடியில் அவள். அம்மா மருத்துவமனைக் காகிதத்தில் உன் பெயரை எழுதவைத்தாள். எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது, உன் வீட்டுக்காரர் உட்பட. அவளுடைய பதினோராவது பிறந்தநாளில் அவள் காதைத் தொட்டு "இது என் காது" என்று சொன்னேன், அவ்வளவுதான். நீ என் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டுபோய் விட்டாய். உன் வீட்டுக்காரர் இறந்தபோது வரவேண்டாம் என்று தந்தி அடித்தாய். நான் வரவில்லை. நீ சொன்னதை எல்லாம் கேட்டிருக்கிறேன். இந்த ஒன்றை நீ கேள்.

மறுப்பதானால் பல் டாக்டர் சொன்னபடி பிளாஸ்டிக் முட்டை வைத்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

எப்போதும் உனக்கு ஒரு கல்லில் இரண்டு வேண்டும்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். இரவெல்லாம் காய்ச்சலோடு அவள் அனத்தியபோது யார் விழித்திருந்தது? மிதிவண்டியிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தபோது அந்தத் துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு யார் ஓடியது? உனக்கு அவள் பல் உடைந்ததே தெரியாது. எந்தப் பல் என்று சொல்ல மாட்டேன். அவள் வந்து சிரித்தால் பார்த்துக்கொள். சிரித்தால்.

ஆம், அனுப்புகிறேன். எனக்கு அந்த முட்டை வேண்டும். அவளுக்கும் இருபது வயதாகிவிட்டது. என்றைக்கோ யார் வாயிலிருந்தோ கேட்பதற்கு என் வாயிலிருந்து கேட்கட்டும். ஆனால் உன் பதில் கையெழுத்தோடு வந்த பிறகுதான் சொல்வேன், அதற்கு முன் இல்லை.

டிரைவரிடம் பெட்டியைக் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாடம் நடத்தாதே. நீ ஆரம்பித்தால் பத்துப் பக்கம் ஓடும். அதைக் குழுவில் வாசித்தால் ஏழு பேரும் கொட்டாவி விட்டுவிட்டு, சந்தேகம் இருக்கிறது போலிருக்கிறதே என்பார்கள். ஓடு அசலா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுது. நம் வீட்டிலேயே உனக்கு ஓட்டுக்காரி என்றுதானே பெயர். ஓட்டைப் பற்றிச் சொல், போதும்.

தங்கை


மார்ச் 6

காட்சிக்கூடப் பொறுப்பாளருக்கு,

தாங்கள் அனுப்பிய மாதிரியை மூன்று நாட்கள் ஆராய்ந்தேன். தாங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில்: ஓடு அசல். டைனோசர் முட்டையின் ஓடு என்பதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. சராசரித் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். மூச்சுத் துளைகளும் உட்புறக் குமிழ் வரிசையும் தெளிவாக இருக்கின்றன.

கையெழுத்தும் துறை முத்திரையும் கீழே.

தங்கைக்கு,

மேலே உள்ளதைக் கத்தரித்துக் குழுவிடம் கொடு. கொட்டாவி வராது.

உன் டிரைவர் நல்ல மனிதர். "உள்ள குஞ்சு இருக்குமா மேடம்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். இந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்து நாளாகிவிட்டது. பக்கத்து அறை உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி உன் முறை.

அக்கா


மார்ச் 30

அக்காவுக்கு,

வாங்கியாகிவிட்டது. நுழைவு மண்டபத்தில் கண்ணாடிக் கூண்டு, உள்ளே மஞ்சள் விளக்கு. குழுவில் உன் தாளை வாசித்தேன். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இனிமே உங்களை ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றார். அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை வாங்க எனக்கு மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அதற்காக உனக்கு நன்றி. இந்த வரியை எழுதவே கை கூசுகிறது.

அவளிடமும் சொல்லிவிட்டேன். போன ஞாயிறு. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை.

"விளையாடாதம்மா," என்றாள்.

"விளையாடல."

குழாயை மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. சூப்பர்மா." அப்புறம், "அவங்க ஏன் குடுத்தாங்க?"

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை அவளே வந்து உனக்குச் சொல்வாள். ஒரு பொய்கூட இல்லை, அதை மட்டும் இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் காலை சமையலறைக்கு வந்து, "உங்களுக்கு டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

உங்களுக்கு. இருபது வருடம் நீ, வா, போ என்று என்னை விரட்டியவள்.

மே ஒன்றாம் தேதி காலை வண்டியில் வருகிறாள். அதிலிருந்து பத்து நாளில் திறப்பு விழா, இருந்துவிட்டுப் போ என்றேன். "நான் இல்லாம உங்க முட்டை பொரிக்காதா?" என்றாள்.

தங்கை


ஏப்ரல் 19

தங்கைக்கு,

பின்னறையில் இருந்த கல் பெட்டிகளை எல்லாம் துறைக்கு ஏற்றிவிட்டேன். புதுக் கட்டில் வந்திருக்கிறது. தலையணை உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். தெரியாது என்றேன். "யாருக்கும்மா?" என்றார். இரண்டு விதமும் வாங்கினேன்.

நாற்பத்தேழு வயதில் ஒரு திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி ஒரு வாரம் யோசித்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய். மெல்லிதாகச் சீவிய முட்டையோட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்துவிட்டு எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன். அவள் என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? பெரியம்மா என்றே கூப்பிடட்டும், எனக்குப் போதும் என்று நினைத்துக்கொள்கிறேன். அடுத்த நிமிடமே போதாது என்று தெரிகிறது.

ஒன்று சொல்கிறேன். திறப்பு விழாவில் அந்த முட்டையைக் கூண்டுக்கு வெளியே எடுக்காதே. ஈரத்துணியால் துடைக்க விடாதே. யாராவது தொட்டுப் பார்க்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஏன் என்று கேட்டால் எழுதுகிறேன். நீ கேட்க மாட்டாய்.

அக்கா


மே 12

அக்கா என்று இனி உன்னை எழுத மாட்டேன்.

பத்தாம் தேதி திறப்பு. ஒன்பதாம் தேதி மதியம், கூட்டிப் பெருக்கும் அம்மா நல்ல எண்ணத்தில் கூண்டைத் திறந்து முட்டையைத் துடைத்திருக்கிறார். பளபளவென்று இருக்கட்டும் என்று பக்கெட் தண்ணீரில் நனைத்த துணியால். உன் கடிதத்தில் இருந்த எச்சரிக்கையை நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் வழக்கமான பாடம் என்று நினைத்துவிட்டேன். "மேடம், முட்டை தோல் உரியுது" என்று ஓடிவந்தார். போய்ப் பார்த்தால் கீழே ஐந்தாறு சில்லு. உரிந்த இடத்தில் களிமண். பல் டாக்டர் வந்தார், மனிதர் தன் பழைய தொழிலை மறக்கவில்லை, பேனாக் கத்தியால் நோண்டினார். களிமண்ணுக்குள்ளே சுருட்டிவைத்த செய்தித்தாள். பிரித்து மேசையில் விரித்தார். பாதி ராசிபலன், பாதி மெத்தை விளம்பரம்.

"டைனோசர் பேப்பர் படிச்சிருக்கு," என்றார். ஏழு பேரும் சிரித்தார்கள். இந்த முறை கூட்டிப் பெருக்கும் அம்மாவும் சிரித்தார்.

உன் தாளை எடுத்துப் படித்தேன். ஓடு அசல். ஓடு அசல்தான்! உண்மையான ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கி மண்ணுருண்டையில் ஒட்டியிருக்கிறான். நீ அதை மூன்று நாள் வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறாய். உனக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. நான் ஓட்டைப் பற்றிக் கேட்டேன், நீ ஓட்டைப் பற்றிச் சொன்னாய். முட்டையைப் பற்றி நான் கேட்கவில்லை, இல்லையா? என்ன ஒரு நேர்மை!

இன்று காலை என்னை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். எழுதிவிட்டேன்.

இப்போது நான் வாலுவிடம் சொன்னதைக் கேள். நீ பிரசவத்துக்குப் பிறகு பதினொரு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். அழுதால் காதைப் பொத்திக்கொண்டாய். "தூக்கிக்கிட்டுப் போங்க" என்று சொன்னாய். நான் தூக்கிக்கொண்டு போனேன். இதில் எது பொய்? அத்தனையும் அசல். பன்னிரண்டாம் நாள் நீ நைட்டி முழுக்கப் பால் கட்டி வழிய என் வாசலில் நின்று கதவைத் தட்டியதையும், நான் உள்ளே அவளை மடியில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காததையும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை.

நமக்கு ஒரே அம்மாதான் என்பது எவ்வளவு சரி.

அவளைத் திருப்பி அனுப்பு. போய்ப் பன்னிரண்டு நாளாகிறது, ஒரு வரி எழுதவில்லை. எழுதாதே என்று நீ சொல்லியிருப்பாய்.


மே 20

தங்கைக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். கடைசி வரியை மட்டும் நாலு தடவை.

அவள் இங்கே இல்லை. ஐந்தாம் தேதி காலை கிளம்பிவிட்டாள். "வீட்டுக்குப் போறேன்" என்றாள். வீடு என்றால் உன் வீடு என்றுதான் நினைத்தேன். வேறு எதை நினைப்பது? இத்தனை நாளும் அவளை நீ மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்து, எழுதக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நான்கு நாள் இருந்தாள். எதுவும் கேட்கவில்லை. தாழ்ந்த தலையணையைத்தான் எடுத்துக்கொண்டாள். என்னோடு துறைக்கு வந்தாள், நுண்ணோக்கியில் ஓட்டுத் துளைகளைப் பார்த்துவிட்டு, "இது வழியா மூச்சு விடுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்போது என்னை அறியாமல் அவள் தோளில் கை வைத்தேன். அவள் விலகவில்லை. எடுக்கவும் சொல்லவில்லை. எதற்காக இதை உனக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஐந்தாம் தேதி காலை நான் குளித்துவிட்டு வந்தபோது மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"பதினொரு நாள் மூஞ்சியப் பாக்கல. நிஜமா?"

"நிஜம்."

"தூக்கிட்டுப் போங்கன்னு சொன்னது?"

"அதுவும் நிஜம்."

பன்னிரண்டாம் நாளைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் துறை நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தாள். மார்ச் மூன்றாம் தேதிப் பக்கம். நானே எழுதியது: "ஓடு அசல். குறைந்தது மூன்று வெவ்வேறு முட்டைகளின் துண்டுகள், விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, நீல விளக்கில் பசை ஒளிர்கிறது. முட்டை போலி." பக்கத்துக்கு அடையாளமாக உன் பிப்ரவரிக் கடிதத்தை வைத்திருந்தேன். எனக்கு அந்த முட்டை வேண்டும், அனுப்புகிறேன் என்று நீ எழுதிய கடிதம்.

"முட்டைக்கு என்னைப் பேசி முடிச்சிருக்கீங்க ரெண்டு பேரும்," என்றாள். கத்தவில்லை. "அவங்க என்னைக் குடுத்து முட்டைய வாங்கினாங்க. நீங்க பொய் முட்டையக் குடுத்து என்னை வாங்கினீங்க. அவங்களாவது நல்ல சரக்கைக் குடுத்தாங்க."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டாள். நான்கு நாளும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "வரேன் மேடம்" என்றாள்.

முன்பல், இடது பக்கம். போகும்போது தெரிந்தது.

எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் எழுது. நீ என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள். எழுது.


மே 29

அக்கா,

போகக்கூடிய இடம் எல்லாம் போனேன். அவள் தோழிகள் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கிறது. சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "நல்லாதான் இருக்கா ஆன்ட்டி, நீங்க கவலைப்படாதீங்க" என்று ஒருத்தி கதவைப் பாதி திறந்தபடி சொன்னாள். உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நேற்றுக் கல்லூரி அலுவலகத்துக்குப் போனேன். ஏழாம் தேதியே வந்து, வேறு ஊர்க் கல்லூரிக்கு மாறிக்கொள்வதற்குச் சான்றிதழ் வாங்கிப்போய்விட்டாளாம். புது விலாசமும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுத்தர் விண்ணப்பத்தைத் தன் பக்கமாகவே வைத்துக்கொண்டார். ஆனாலும் எனக்குத் தெரிந்தது. தாயின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடு. அடிக்கோல் வைத்து, நேராக.

எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

இருபது வருடமாக எந்த அலுவலகத்திலும், எந்த ஆஸ்பத்திரியிலும் யோசிக்காமல் சொன்ன பதில். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சித்தி," என்றேன்.

"சித்தின்னா விலாசம் குடுக்க முடியாதும்மா. பெத்தவங்கள வரச்சொல்லுங்க."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். திரும்பிப் போய் அம்மாதான் என்று சொல்லலாம், காகிதமெல்லாம் என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் முதலில் சித்தி என்று சொன்னவளை யார் நம்புவார்கள்? நீ கிளம்பி வரலாம். வந்து பெற்றவள் நான்தான் என்று சொல்லலாம். காகிதம் கேட்பார்கள். உன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதை அன்றைக்கு நாம் எல்லோரும் சேர்ந்து அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டோம்.